சிஸ்டர் சாப்பிட்டாச்சா?

செவிலியர் நாள் விழாவுக்குத் தலைமை ஏற்று, வந்தவர்களை எல்லாம் வாசலில் நின்று வரவேற்றுவிட்டு, இப்போதுதான் நாற்காலியில் வந்து அமர்ந்திருக்கும் எங்கள் சிட்லபாக்கம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர் திருமதி தேவதர்ஷினி அவர்களே! முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மூத்தோர்களே! மாலைநேரத் தொலைக்காட்சித் தொடரை மனமுவந்து தியாகம் செய்துவிட்டு இந்த மன்றத்துக்கு வந்திருக்கும் தாய்மார்களே! சேவையே சீதனமாய்க் கொண்ட செவிலியச் செல்வங்களே! அவர்களோடு தோளுரசி நின்றும் துண்டறிக்கையில் பெயர் வராத துப்புரவுத் தோழர்களே! உங்கள் அனைவருக்கும் ஆபேல் என்கிற இந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியனின் உளம் கனிந்த வணக்கம்.

"சுருக்கமாப் பேசுங்க சார்!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். ஐயா, மணி அடித்த பிறகும் வகுப்பை விடாதவன் நான். சுருக்கம் என் தோலில் வந்துவிட்டது. பேச்சில்தான் இன்னும் வரவில்லை.

ஆனாலும், இந்த வாயையும் மூட வைத்த ஒன்று உண்டு. அது கொரோனா. இரண்டாம் அலை அடித்த நேரம். வேளச்சேரி சாலையில் ஆம்புலன்ஸ் ஓசையைத் தவிர வேறு ஓசை இல்லை. எனக்கும் காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது. நம் பக்கத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் படுக்கை கிடைத்தது. பெயர் வேண்டாம். பெயரைச் சொல்லிப் பகை வளர்க்க நான் வரவில்லை. முகத்தில் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினார்கள். மேடை கண்டால் முழங்குகிற வாய், மூச்சுக்காக ஏங்கிக் கிடந்தது. என் மனைவி ஞானஜோதி வீடியோ காலில் பார்த்தாள். கண் கலங்கினாள். கலங்கிய கண்ணோடு சொன்னாள்: "கல்யாணம் ஆனதிலிருந்து இப்பதாங்க, நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீங்க கேக்கறீங்க."

சிரிக்காதீர்கள் தாய்மார்களே! உங்கள் வீட்டிலும் அதே கதை என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துப் படுக்கையில் கேசவன். பெரும்பாக்கத்துக்காரர், செங்கல், ஜல்லி வியாபாரம் செய்பவர். அதோ, தூணுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரேதான். எழுந்து நில்லுங்கள் கேசவன்! "இன்னா சார், என்னப் போய் மாட்டி வுடுற" என்கிறார். மாட்டிவிடத்தான் வந்திருக்கிறேன்.

அந்த வார்டில் எல்லாச் செவிலியரும் தலை முதல் கால் வரை வெள்ளைக் கவச உடையில் இருப்பார்கள். கண்கள் மட்டும் கண்ணாடிக்குள் மின்னும். யார் யார் என்று எப்படித் தெரியும்? அதனால் உடையின் மேலேயே மார்க்கர் பேனாவால் பெயரை எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதியிருந்த ஒரு பெயர் ஜெரூஷா. கேசவன் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர். முதல் இரண்டு எழுத்துதான் தெரிந்தது. மீதியை அவரே நிரப்பிக்கொண்டார்.

"யம்மா ஜெருசலேம்! கொஞ்சம் இப்டி வாம்மா. காத்தே வர்ல!"

"ஜெரூஷா, அண்ணா. ஜெரூஷா."

"அத்ததான்மா நானும் சொல்றேன், ஜெருசலேம்."

அவள் சிரிப்பாள். முகம் தெரியாது, தோள் குலுங்குவதை வைத்துச் சிரிப்பு என்று கண்டுகொள்வோம். அந்தத் தோள் குலுங்கல்தான் எங்கள் வார்டுக்கு வெளிச்சம், எங்கள் வார்டுக்குத் திருவிழா!

ஒரு நாள் காலை. அவள் என் ஆக்ஸிஜன் அளவைச் சரிசெய்ய வந்தாள். குமிழில் கை வைத்தாள். கை நழுவியது. கட்டிலின் கம்பியைப் பிடித்தாள், அதுவும் நழுவியது. அப்படியே சரிந்து தரையில் விழுந்தாள். நான் கத்தினேன், முகமூடிக்குள் அது முனகலாகத்தான் ஒலித்தது. கேசவன் மணியை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார்.

"யாருனா வாங்கோ! நர்ஸம்மா வுழுந்துட்ச்சு! நர்ஸுக்கு ஒரு நர்ஸ் வோணும்!"

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள்! நோயாளிக்குச் செவிலியர் வருவார். செவிலியருக்கு யார் வருவார்? ஓடி வந்தவர் கங்கையம்மாள். பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து, பேருந்து இல்லாத அந்த நாட்களில், நடந்தே வேலைக்கு வந்த துப்புரவுப் பணியாளர். துடைப்பத்தைப் போட்டுவிட்டு அந்தப் பெண்ணைத் தோளில் தாங்கி வெளியே கொண்டு போனார்.

மதியத்துக்கு முன்பே கதவு திறந்தது. புதிய உடை, புதிதாக எழுதிய அதே பெயர். மறுபடியும் ஜெரூஷா!

கேசவன் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இன்னாம்மா இது? அதுக்குள்ள வந்துட்ட? வூட்டுக்குப் போய்ப் படுக்க வேணாமா?"

"போனா இங்க யார் இருக்கா அண்ணா? எனக்கு அடுத்த டூட்டி பார்க்கிற சிஸ்டருக்கும் பாசிட்டிவ் வந்துடுச்சு."

"மயக்கம் எதுனாலம்மா? சாப்ட்டியா?"

"சாப்பிடலை. தண்ணியும் குடிக்கலை. தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும். போனா இந்தக் கிட்டைக் கழட்டணும். கழட்டினா மறுபடி போட வேற கிட் தர மாட்டாங்க. இன்னைக்கு மயங்கி விழுந்ததால ஒண்ணு எக்ஸ்ட்ரா கிடைச்சுது."

"உக்கார ரூமு கூட இல்லியா?"

"இருந்துது அண்ணா. இப்ப அதுல அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்காங்க."

எங்கள் தாகத்துக்குத் தண்ணீர் தந்த கை, தன் தாகத்தைத் தள்ளி வைத்திருந்தது. எங்கள் மூச்சை அளந்துகொண்டிருந்தவள், தன் மூச்சை மறந்திருந்தாள். இது தகுமா? இது தருமமா?

மதிய உணவு வந்தது. சாம்பார் சாதம், முட்டை, ஒரு வாழைப்பழம். கேசவன் டப்பாவின் மூடியைத் திறந்தார், ஜெரூஷாவைப் பார்த்தார், மூடிவிட்டார்.

"நீ சாப்ட்டியாம்மா?"

"அப்புறம் சாப்பிடறேன் அண்ணா."

"அப்போ நானும் அப்பொறமே துன்றேன்."

எதிர்ப் படுக்கையில் ஒருவர் தன் டப்பாவை மூடினார். ஜன்னலோரப் படுக்கைக்காரர், அவ்வளவாக யாரிடமும் பேசாதவர், கரண்டியைக் கீழே வைத்தார். நானோ பேச முடியாதவன். டப்பாவைத் தள்ளி வைத்தேன். என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறந்த சொற்பொழிவு அதுதான். ஒரு சொல்கூட இல்லை! என் மனைவி அதோ கைதட்டுகிறாள், கவனித்தீர்களா?

ஜெரூஷா பதறிப் போய் என்னிடம் வந்தாள். "சார், நீங்க சுகர் பேஷண்ட்! சாப்பிடலைன்னா சுகர் இறங்கிடும் சார்! எல்லாரும் இப்படிப் பண்ணாதீங்க, எனக்குப் பயமா இருக்கு."

"பயமா கீதுல்ல? எங்களுக்கும் அப்டிதான் கீது" என்றார் கேசவன்.

செவிலியர் கண்காணிப்பாளர் ரோஸி அம்மையார் வந்தார். மருந்து தப்பினால் மருத்துவரையே மடக்குகிற கண்டிப்புக்காரர். "என்ன இது, ஸ்ட்ரைக்கா?"

"ஸ்ட்ரைக்குலாம் இல்ல மேடம். சிஸ்டருங்க சாப்ட்டா நாங்களும் சாப்டுவோம். இதுல இன்னா பேஜாரு?"

ரோஸி அம்மையார் எங்களைத் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் வார்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மூடிய டப்பாக்கள், முறைத்துக்கொண்டு கிடக்கும் நோயாளிகள். நேரே தொலைபேசியை எடுத்தார். நிர்வாக அதிகாரியை அழைத்தார்.

"சார், நான் பல நாளா ரெஸ்ட் ரூம் கேட்டேன், நடுவுல மாத்திக்க ரெண்டாவது கிட் கேட்டேன். பார்க்கலாம்னீங்க. இப்ப நீங்களே வந்து பாருங்க. வார்டே சாப்பிட மாட்டேங்குது."

அதிகாரி வந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். கேசவன் ஆக்ஸிஜன் குழாயோடு கட்டிலில் உட்கார்ந்தபடியே கையைக் கூப்பினார். சண்டை போடவில்லை நண்பர்களே, கையைக் கூப்பினார்!

"சார், நாங்க உங்க கையில உசிரக் குட்த்துட்டு வந்து படுத்துகீறோம். நீங்க அத்த இந்தப் பொண்ணுங்க கையில குட்த்துகீறீங்க. அந்தக் கை நடுங்குது சார். கொஞ்சம் சோறு போடுங்க, கொஞ்சம் உக்கார வைங்க. அவ்ளோதான் சார்."

அதிகாரியும் தூங்காத முகத்தோடுதான் நின்றார். எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அட்டைப்பெட்டிகள் அந்த அறையிலிருந்து வெளியேறின. முதல் பெட்டியைத் தூக்கியவரே அவர்தான் என்று கங்கையம்மாள் பிறகு சொன்னார். செவிலியர்கள் முறை வைத்து நடுவில் ஓய்வெடுக்கவும், உடை மாற்றிக்கொள்ளவும் அன்றே ஏற்பாடாயிற்று.

ஜெரூஷா சாப்பிடப் போனாள். நாங்கள் நம்பவில்லை. டப்பாக்கள் மூடியபடியே இருந்தன. சற்று நேரத்தில் கதவருகே கங்கையம்மாளின் குரல்:

"சாப்ட்ச்சு! நான் எதுருல குந்திகினு பார்த்தேன்! சாம்பாரு ரெண்டாவது தபா கேட்டு வாங்கிச்சு!"

வார்டு முழுக்க டப்பா திறக்கிற சத்தம்! எத்தனையோ கைதட்டல் கேட்டவன் நான். அதைவிட இனிய ஓசையை எந்த அரங்கத்திலும் கேட்டதில்லை.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்த அறை திறந்த முதல் நாள், கங்கையம்மாள் வாசலிலேயே நின்றிருக்கிறார். "அது சிஸ்டருங்க ரூமு" என்று தயங்கியிருக்கிறார். ஜெரூஷா கையைப் பிடித்து இழுத்து, "விழுந்தப்ப என்னைத் தூக்கினது யாரு? உள்ள வாங்க அக்கா" என்று தன் பக்கத்தில் உட்கார வைத்தாளாம். எதிரில் உட்கார்ந்து பார்த்த கதை அப்படி வந்ததுதான்.

அன்று மாலை என் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்க வந்தவள் மெல்லச் சொன்னாள்: "எல்லாரும் எங்களைத் தெய்வம்னு சொல்றாங்க சார். தெய்வத்துக்குப் பசிக்காதுன்னு நினைச்சுட்டாங்க போல."

நான் தமிழாசிரியன். எத்தனை உவமை, எத்தனை உருவகம் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அந்த ஒரு வரிக்கு முன் அத்தனையும் அடங்கிப்போயின.

இப்போது சொல்லப்போவது, சிரிப்பில்லாத செய்தி. ஜன்னலோரப் படுக்கைக்காரரைச் சொன்னேன் அல்லவா? எங்களோடு சேர்ந்து கரண்டியைக் கீழே வைத்தவர். அவர் வீடு திரும்பவில்லை. கடைசி வரைக்கும் ஜெரூஷா அவர் கையைப் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் தொலைபேசி. அதில் அவர் மகள். எல்லாம் முடிந்ததும் ஜெரூஷா மெதுவாக நடந்து அந்த அறைக்குள் போனாள். கதவைத் தாழிட்டாள். வெளியே ரோஸி அம்மையார் காவல் நின்றார். "கொஞ்ச நேரம் யாரும் தட்டாதீங்க" என்றார்.

ஒரு தாழ்ப்பாள் போட்ட அறையின் அருமை அன்று எனக்குப் புரிந்தது. அது சாப்பிட மட்டும் அல்ல, சாய்ந்துகொள்ள மட்டும் அல்ல, அழுவதற்கும்கூட! அடுத்தவர் துன்பத்தை நாளெல்லாம் சுமக்கிறவருக்கு, அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா? பெருந்தொற்று வந்தால்தான் வேண்டுமா? பிறகு வேண்டாமா?

ஆகவே அன்பர்களே, ஆன்றோர்களே! செவிலியரைத் தேவதை என்று பாடாதீர்கள். தேவதைக்குக் கால் வலிக்காது, இவர்களுக்கு வலிக்கும்! தேவதைக்குத் தாகம் இல்லை, இவர்களுக்கு உண்டு! தேவதை விடுப்பு கேட்பதில்லை. இவர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும், கேட்டால் கொடுக்க வேண்டும்! தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை எந்த மருத்துவமனைக்குப் போனாலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உங்கள் சிஸ்டர்களுக்கும் துப்புரவுத் தோழர்களுக்கும் உட்கார ஓர் இடம் இருக்கிறதா? நாம் எல்லோரும் கேட்டால் இல்லாத இடத்திலும் அறை முளைக்கும்!

"ஜெரூஷா எங்க சார்?" என்று இந்தத் தாய் கேட்கிறார். நல்ல கேள்வி. இப்போது அவள் வேறொரு மருத்துவமனையில் வார்டு பொறுப்பாளர். சால்வை போர்த்த வேண்டும், வா என்று நேரில் போய் அழைத்தேன். என்ன சொன்னாள் தெரியுமா?

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அன்னைக்கு எனக்கு ஆஃப். நான் தூங்கப் போறேன்."

முதலில் முகம் சுருங்கினேன். மறுகணம் மனம் நிறைந்தேன். தூங்கட்டும் ஐயா! இந்த மாலை வேளையில், ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு செவிலியர் போனை அணைத்துவிட்டு, போர்த்திக்கொண்டு, நிம்மதியாகத் தூங்குகிறார். இதைவிட நல்ல செவிலியர் நாள் விழா எது? அவள் சார்பில் சால்வையைப் பெற்றுக்கொள்ளக் கங்கையம்மாள் மேடைக்கு வருகிறார். அவருக்கு என்று இன்னொன்றும் தனியாக இருக்கிறது. கைதட்டுங்கள், ஆனால் மெதுவாகத் தட்டுங்கள். ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்தில்தான் இருக்கிறது!

பொறுத்தருளிய தலைவருக்கும், பொறுமை காத்த பெரியோர்க்கும், பேச விட்ட ஞானஜோதிக்கும் நன்றி கூறி, எல்லோரும் நலமாயிருங்கள், நம்மைப் பார்த்துக்கொள்கிறவர்களை நலமாய் வையுங்கள் என்று வாழ்த்தி அமர்கிறேன். வணக்கம்!