உங்களுக்குத் தெரிந்த குறைகள்

எனக்கு ஞாபகசக்தி கொஞ்சம் மட்டு, ஐயா. கொத்தனார் வந்தது செவ்வாயா புதனா என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று நான் பாடினேன். அது நன்றாக நினைவிருக்கிறது.

என் வீட்டை விற்கத் தரகர் நிரப்பச் சொன்ன படிவத்தில் ஒரு கேள்வி: ‘உங்களுக்குத் தெரிந்த குறைகள் எவை?’ படித்ததும் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. தெரிந்ததைத்தானே கேட்கிறார்கள்? தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதுமே.

விற்குமுன் பூச்சு வேலை பார்க்க வந்த கொத்தனார் மாடி பால்கனியைச் சுத்தியலால் தட்டினார். முகம் மாறியது. “அண்ணே, உள்ள கம்பியெல்லாம்...” என்று ஆரம்பித்தார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உரக்கப் பாடினேன். அவர் வாயை மூடும்வரை பாடினேன். போகும்போது ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். மடித்தது மடித்தபடியே அடுப்பில் போட்டேன்.

“அந்தாளு என்னதாங்க சொன்னாரு?” என்றாள் மனைவி.

“உனக்குத் தெரிஞ்சா எனக்குத் தெரிஞ்ச மாதிரி. சும்மா இரு.”

அன்றே பால்கனியிலிருந்த பூந்தொட்டிகளைக் கீழே இறக்கினேன். துணிக்கொடியை வேறு பக்கம் கட்டினேன். ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. அந்த விஷயத்தில் நான் கறார்.

வீட்டை வாங்கியவர்கள் ஓர் ஆசிரியையும் தையல்காரரான அவர் கணவரும். “வேற எதுவும் பிரச்சினை இல்லையேண்ணே?” என்று ஆசிரியை கேட்டார்.

“எனக்குத் தெரிஞ்சு ஒண்ணுமில்லம்மா.”

பொய் சொல்லாத சந்தோஷத்தில் தெருமுனைவரை சீட்டியடித்துக்கொண்டே போனேன்.

அவர்கள் குடிவந்த அன்று எங்களையும் கூப்பிட்டார்கள். படம் எடுக்க ஒன்பது பேர் பால்கனியில் நெருக்கியடித்து நின்றார்கள்.

“அண்ணே, நீங்களும் மேல வாங்க. நீங்க இல்லாமலா?” என்றார் ஆசிரியை.

“நான் வந்துட்டா யாரு எடுக்கறது? இங்கேருந்தே எடுக்கறேன்.”

மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சொல்லிடுங்களேன்.”

“எதை?” என்றேன்.

பிறகு மேலே பார்த்து, “தையல்காரரே, மாமியாருக்குப் பின்னாடி ஒளியாதீங்க. எல்லாரும் கொஞ்சம் முன்னாடி வாங்க” என்றேன். சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

ஆசிரியையும் அவர் அம்மாவும் இறந்துவிட்டார்கள். தையல்காரர் பிழைத்தார், இனி மெஷின் மிதிக்க முடியாதாம். மற்ற ஆறு பேரும் கட்டுகளோடு வீடு திரும்பினார்கள். கொத்தனார் தானாக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து எழுதிக் கொடுத்துவிட்டார். மனைவி அவள் அக்கா வீட்டில் இருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை. எனக்கும் அவளுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நாங்கள் தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்றிருந்தோம்; அவளை அங்கே நிறுத்தியவன் நான்தான்.