பதினான்கு மைக்ரான் தள்ளி

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஒளியியல் பிரிவின் பொறியாளர்களே, வேலையைப் பாதியில் விட்டு வெள்ளை அங்கியோடு வந்து நிற்கும் தொழில்நுட்பர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

மறைந்த முதன்மை வடிவமைப்பாளர், நீங்கள் ‘மைக்ரான் சார்’ என்று அழைத்தவர், என் கணவர். ஆயினும் இருபத்தாறு ஆண்டுகள் அவருடைய வரைபடங்களைச் சரிபார்த்தவளாகவே இங்கே பேசுகிறேன். அழுவதற்கு எனக்கு வீடு இருக்கிறது.

நாம் அனுப்பிய முதல் செயற்கைக்கோள் கேமராவை மறந்துவிட்டீர்களா? சோதனைக்கூடத்தில் அது தந்த படம் எவ்வளவு துல்லியம்! எல்லாரும் கைதட்டினோம். மேலே போனதும் மங்கிவிட்டது. கார்பன் இழைக் குழாய் இங்கே காற்றிலிருந்து குடித்திருந்த ஈரம் விண்வெளியில் வெளியேற, குழாய் சுருங்கிக் குவியம் தவறியது. அந்த ஆண்டு வெள்ளம் வந்தது. எது கூரை, எது தண்ணீர் என்று அந்தப் படங்களில் தெரியவில்லை. மீட்புப் படகுகள் வேறு கரைக்குப் போயின.

‘தவறு என்னுடையது’ என்று அறிக்கை எழுதிக் கையெழுத்திட்டவர் யார்? அவர் ஒருவரே. அந்த வரைபடத்தைச் சரிபார்த்தவள் நான். நான் கையெழுத்திடவில்லை. அவரும் ஒரு நாளும் கேட்கவில்லை.

இரண்டாவது கேமராவில், மேலே போனதும் குழாய் சுருங்கப்போகும் அளவுக்கு, சென்சாரை வேண்டுமென்றே பதினான்கு மைக்ரான் தள்ளி வைத்தார்; ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இங்கே படம் மங்கல்தான். நானே கடிந்துகொண்டேன்.

“ஏங்க, இந்தத் தடவையாவது தெளிவா வெச்சுத் தொலைங்களேன். எல்லாரும் சிரிக்கறாங்க.”

“சிரிக்கட்டும்மா. அது இங்கயா படம் எடுக்கப் போகுது? உனக்குச் சந்தேகம்னா நீயே கணக்கைப் போட்டுப் பாரு. உன்கிட்ட தப்பிக்க முடியுமா!”

மூன்று முறை போட்டேன். பதினான்குதான் வந்தது.

வெற்றிட அறைச் சோதனைக்கு மூன்று நாள் இருக்கையில் அவர் இதயம் நின்றது. சோதனையும் நின்றது. நேற்று கேமரா இருக்கும் தூய அறையின் கதவில் ஒரு தாளை ஒட்டியிருக்கிறார்கள்: ‘குவியத்தைத் திருத்தி அனுப்பவும்.’

இயக்குநர் அவர்களே, அவர் படத்துக்கு மாலை போட்டீர்கள். நன்றி. அந்தத் தாளையும் எடுத்துவிடுங்கள். முதலில் கேமராவை வெற்றிட அறையில் வையுங்கள். ஈரம் வடியும்வரை காத்திருங்கள். அதுவரை சென்சாரை நகர்த்தும் திருகை யாரும் தொடமாட்டோம் என்று அவர் பெயரால் உறுதியேற்போம். படம் மங்கலாகவே இருந்தால், தவறு என்று முதலில் சொல்பவள் நான்.

இம்முறை அந்த அறிக்கையில் என் கையெழுத்தும் இருக்கும்.