மூத்தவர் விலகும் மரபு

அவைத் தலைவர், ஆலைத் தொழிலாளர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்த ஐயா ஹ்வாங் தொக்சு அவர்களே! முழங்கால் வலியை மறந்து முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பசை ஆலைத் தீயில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, பதினோரு படங்களை மடியில் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! வாசலில் நனைந்தபடி நின்று கேட்கும் தோழர்களே! உங்கள் எல்லோருக்கும் என் தலை தாழ்ந்த வணக்கம்.

நாளை காலை நீதிமன்றத்தில் வழக்கு தொடங்குகிறது. அது எப்படித் தொடங்காமல் போகவிருந்தது என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

அந்த ஆலையின் பின்கதவு வெல்டிங் வைத்து மூடப்பட்டிருந்தது. தொழிலாளர்கள் பசை திருடுகிறார்களாம். ஆலை முதலாளி யார்? நாட்டின் குடியரசுத் தலைவருடைய மனைவியின் தம்பி. வழக்குத் தொடர வேண்டியவர் யார்? தலைமை அரசு வழக்கறிஞர் மேங் ஜின்சொப். குடியரசுத் தலைவருக்குச் சட்டக் கல்லூரியில் மூன்று வருடம் இளையவர். நான் அவருடைய உதவியாளன்.

ஒரு நாள் குடியரசுத் தலைவரிடமிருந்து மேங்குக்கு மதிய உணவு அழைப்பு வந்தது; நானும் உடன் போனேன். குளிர்ந்த நூடுல்ஸ், முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாய், ஒரு புட்டி சோஜு மது. தலைவர் ஊற்றினார். மேங் இரு கைகளாலும் கோப்பையை ஏந்தினார். மூத்தவர் முன் குடிப்பதால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார்.

தலைவர் சிரித்தார்.

"இன்னும் அப்படியே இருக்கியேப்பா. இந்த வழக்கையும் அதே மாதிரி அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பி வையேன்."

"அண்ணே, நான் திரும்பினது உங்க வயசுக்கு. பதினோரு பிணத்துக்கு எந்தப் பக்கம் திரும்புறது?"

"சரி சரி. நூடுல்ஸ் ஊறிடும். சாப்பிடு."

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, மேசையைத் தட்டவில்லை. மேங் அலுவலகம் திரும்பினார். குற்றப்பத்திரிகையில் கையெழுத்திட்டார்.

கைதட்டாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை.

இளவேனிலில் மேங்கின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்தவரை நியமிக்கும் உரிமை யாருக்கு? குடியரசுத் தலைவருக்கு. அவர் யாரை நியமித்தார்? மேங்கைவிடப் பணியில் ஏழு வருடம் இளையவரான ஓக் ஜேமினை. உங்களுக்குத் தெரியும், இளையவர் தலைமை ஏற்றால் மூத்தவர்கள் விலகிவிட வேண்டும். சட்டத்தில் இல்லை. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. மரபு. இளையவனுக்கு மூத்தவரிடம் 'இதைச் செய்' என்று சொல்ல நா எழாது. அவன் சங்கடப்படாதிருக்க மூத்தவர் போய்விடுவார்.

போனார்கள். ஒரே வாரத்தில் மேல்தளம் முழுக்கப் போனார்கள். பூங்கொத்து, படிக்கட்டில் ஒரு படம், கார். யாரையும் யாரும் நீக்கவில்லை. எல்லோரும் கண்ணியமாகப் போனார்கள். ஆணை இல்லாமல், அடி இல்லாமல், அலுவலகமே காலியானது. பத்திரிகைகள் புகழ்ந்தன. ஒரே பெயரை அறிவித்து ஒரு மனிதர் இத்தனை பேரை அகற்ற முடிந்ததே, அதை யாராவது எழுதினார்களா?

மிஞ்சியவர் ஒருவர். இந்த வழக்கை ஆரம்பம் முதல் விசாரித்த யாங் உன்ஷில். ஓக்கைவிட ஐந்து வருடம் மூத்தவர். அவர் போனால் வழக்கும் போகும். தினமும் அலுவலகத்தார் அவர் மேசைக்கடியில் எட்டிப் பார்ப்பார்கள், அவர் உள்ளே போடும் செருப்பு இன்னும் இருக்கிறதா என்று. இருந்தது.

தேநீர் இயந்திரத்தின் அருகே பேச்சு:

"என்ன, அக்கா இன்னும் கிளம்பலையா?"

"பூங்கொத்து யாராவது வாங்கிக் குடுத்தா கிளம்புவாங்களோ என்னவோ."

"வெட்கம்னு ஒண்ணு வேணாம்?"

தாய்மார்களே, அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. மேங் தொலைபேசியில் அழைத்தார். ஆம், அதே மேங். கையெழுத்திட்ட நல்லவர். நான் யாங் அம்மையாரின் அறையில் இருந்தேன்.

"உன்ஷில், போதும்மா. மரியாதையா வெளிய வந்துடு. நம்ம பேரு கெடுது."

"சார், நீங்க அந்தச் சாப்பாட்டு மேசையில முடியாதுன்னீங்க. இப்ப அவர் வாயே திறக்கல, நீங்களா அவருக்காக என்னைக் கூப்பிடுறீங்க."

"நான் அப்படி நினைச்சுப் பார்க்கலம்மா" என்றார் மேங்.

நல்லவர்தான். நினைத்துப் பார்க்கவில்லை.

மறுநாள் யாங் புதிய தலைவரின் அறைக்குப் போனார். தன்னிலும் இளையவருக்கு இடுப்பு வளைய வணங்கினார். "தலைவர் அவர்களே, பசை ஆலை வழக்கு என்கிட்ட இருக்கு. நானே நடத்துறேன்." ஓக் பதறி எழுந்தார். "அக்கா, நீங்க போய் எனக்கு..." மேலே வார்த்தை வரவில்லை. அன்றிலிருந்து யாங் உள்ளே நுழைந்தாலே ஓக் எழுந்து நிற்பார். வழக்குக் கோப்பைத் திருப்பிக் கேட்க வாய் திறப்பார். மூடிக்கொள்வார்.

ஒரு நாள் குடியரசுத் தலைவரே ஓக்கைத் தொலைபேசியில் அழைத்தார். அப்போது ஓக்கின் உதவியாளனாக நான் பக்கத்தில் நின்றேன்.

"அந்த வழக்கை அவங்ககிட்ட இருந்து வாங்கிட்டியா?"

"ஐயா... அவங்க வந்தா எந்திரிச்சு நின்னுடுறேன். கேக்க வாய் வரமாட்டேங்குது."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நாம் எதையும் வென்றுவிடவில்லை. யாங்குக்கு இப்போது நகல் எடுக்கும் இயந்திரத்தின் பக்கத்து அறை. உதவிக்கு ஆள் இல்லை. மதியம் அவரோடு சாப்பிட யாரும் உட்காருவதில்லை. ஓக்கின் நா எப்போது வேண்டுமானாலும் எழலாம். அவருக்குப் பதில் நா கூசாத இன்னொருவர் வரலாம்.

என்ன, பெரியவரே? யாங் விலகாதபோது நான் மட்டும் ஏன் வேலையை விட்டு விலகினேன் என்கிறீர்களா? நல்ல கேள்வி. பதவியில் இருப்பவன் இந்த மேடையில் பேசக் கூடாது. எப்போது போவான் என்று யாரும் காத்திராத இளையவன் நான். என் விலகலால் எந்த வழக்கும் சாகாது. அவர் இருந்தால்தான் வழக்கு இருக்கும்.

நாளை முதலாளிக்காக ஒரு வரிசை நிறைய வழக்கறிஞர்கள் வருவார்கள். எதிரே ஒரு பெண். தோற்கலாம். தோற்பார் என்றே தலைநகரில் பேசிக்கொள்கிறார்கள். அவருக்குப் பின்னால் இருக்கைகளும் காலியாகக் கிடக்க வேண்டுமா? காலி அறைகளைப் பார்த்தது போதாதா?

வாருங்கள். படங்களோடு வாருங்கள். யாங் உன்ஷில் உள்ளே நுழையும்போது, ஓக் நிற்பதைப் போல, நாமும் எழுந்து நிற்போம். ஓக் சங்கடத்தால் நிற்கிறார். நாம் தெரிந்தே நிற்போம். மூத்தவர் வந்தால் எழுவதும் நம் மரபுதானே?

மழையில் பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு என் நன்றி. ஐயா தொக்சுவுக்கு நன்றி. தாய்மார்களே, உங்கள் மடியில் இருக்கும் பதினோரு பேருக்கும் வணக்கம். காலையில் பார்ப்போம்.