வண்டிக்கும் பாய்லருக்கும் ஒரே பிளக்

காபியைக் குடியுங்கள், ஆறிவிடும். நான் நடந்துகொண்டே பேசினால் தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிப்ரவரியிலிருந்தே எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்வதில்லை.

கனடாவின் இந்த சஸ்காட்சுவான் சமவெளியில் எங்கள் ஊர் கூடுவதற்கு இந்தத் தீயணைப்புக் கூடத்தை விட்டால் வேறு கூரை கிடையாது. கல்யாணம், இழவுச் சாப்பாடு, சீட்டாட்டம் எல்லாம் இங்கேதான். பெரோகிக் கொழுக்கட்டை விருந்து என்றால் தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு அந்த இடத்தில் மேசை போடுவோம். குளிரில் இன்ஜின் உறையாமலிருக்க வண்டியைக் கரண்டில் மாட்டி வைக்க வேண்டும். காபி பாய்லரும் அதே லைன். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஃப்யூஸ் போய்விடும். அதனால் காபி கொதிக்கும்வரை வண்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிறகு மாட்டுவோம். அந்த லட்சணத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கமிட்டித் தலைவியாக ஒவ்வொரு கூட்டத்திலும் கெஞ்சினேன். வண்டிக்குத் தனி அறை வேண்டும், புது வயரிங் வேண்டும், சமையலறை என்று சொல்லிக்கொள்ள ஒன்று வேண்டும். தனியாக வசிக்கும் மெட்ரோ குசிக் என்ற கிழவர் தவறாமல் எழுந்து நிற்பார்.

"ஏம்மா ஆர்லீன், இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல என்னம்மா எரிஞ்சு போச்சு? உன் பெரோகிதான் அடிப்பிடிச்சிருக்கு."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்தவர்கள் கை தூக்க மாட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

பெரோகி விருந்தன்று மெட்ரோவுக்குக் காய்ச்சல். அவர் பங்கை நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். படுக்கையில் சாய்ந்தபடி சாப்பிட்டார்.

"வெங்காயம் பத்தலம்மா," என்றார்.

இருமல் மருந்து கொடுத்துப் போர்த்திவிட்டேன். குழந்தை மாதிரி தூங்கிப்போனார். விறகடுப்பை நிறைத்து, அதன் கதவைத் திறந்து வைத்து, பழைய செய்தித்தாள்களை அருகே நகர்த்திவிட்டுக் கிளம்பினேன்.

கூடத்தில் காபிக்கு வரிசை நின்றது. தீயணைப்புப் படைத் தலைவன் ஓரெஸ்ட், என் கணவரின் தம்பி, கப்பும் கையுமாக முன்னால் நின்றான்.

"அண்ணி, காபி வர்றதுக்குள்ள உசிரு போயிடும் போல."

"அப்ப வண்டியைப் பிடுங்கு தம்பி. பாய்லரைப் போடுறேன்."

அவன் கையாலேயே பிடுங்கினான். நான் பாய்லரை அணைக்கவே இல்லை. காபி தீரத் தீர மறுபடியும் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மெட்ரோ வீட்டுக்குப் பக்கத்துப் பண்ணையிலிருந்து போன் வந்து சைரன் ஊதியபோது வண்டி முனகியது, கிளம்பவில்லை. ஓரெஸ்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடினான். ஊரே அதைப் பார்த்தது.

அடுத்த கூட்டத்தில் எல்லாக் கையும் உயர்ந்தது. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தச் சமையலறை அதில் வந்ததுதான்.

ஓரெஸ்டின் கவனக்குறைவு என்று இன்சூரன்ஸ் அறிக்கையில் எழுதப் போகிறீர்களாம். அவன் சாப்பிடுவதே இல்லை, பாவம். அவன் பெயரை எடுத்துவிடுங்கள். கவனக்குறைவாக அன்று எதுவும் நடக்கவில்லை.

ஊரைச் சுற்றி ஆளில்லாத வீடுகள் இத்தனை இருக்க, அதில் ஒன்றை எரித்திருந்தால் போதாதா என்கிறீர்கள். நானும் கல்நெஞ்சக்காரி இல்லை, முதலில் அதைத்தான் யோசித்தேன். ஆனால் காலி வீட்டுக்காக எங்கள் ஊரில் யாரும் கை தூக்க மாட்டார்கள்.