தலை ஆடிக்குத் துணி

ஆனி முடியும் வாரம். அஸ்தம்பட்டியிலிருந்து கடைவீதி போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“உங்க மாடிக்குப் புதுசா வந்த ரெண்டு டீச்சருங்களும் அக்கா தங்கச்சியா?” என்றார் மூத்தவர்.

“இல்லீங்கக்கா. புருசன் பொண்டாட்டியாட்டம் இருக்காங்க.”

நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு காதை அங்கே வைத்தேன்.

“அட சாமி! தெருவுல பேச மாட்டாங்களா?”

“பேசறாங்க. பெத்தவங்களே ஊட்டுப்பக்கம் வராதீங்கன்னுட்டாங்களாம். புதுக் குடித்தனம், தலை ஆடிக்கு அழைக்க ஒரு தாயூடு வேண்டாமுங்களா? அதான் எங்கூட்டுலயே விருந்து வெச்சு, புதுத்துணி எடுத்துக் குடுக்கலாம்னு போறேன்.”

கடைவீதி வந்ததும் இளையவர் எழுந்தார். மூத்தவரும் கூடவே எழுந்தார்.

“நானும் வாரேன். நீ பழக்கத்துல சீலையும் வேட்டியுமா எடுத்துருவ. ரெண்டும் சீலையா எடுக்கோணும்.”