விவரம் தெரியாத ஜீவன்

...இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க. ஊரே கொண்டாடின நாவல், படமா எடுக்கறதுன்னா எடுங்க, யாரு வேணாங்கறா? அதுக்காக அந்தக் கதாநாயகியைக் கதவைப் பூட்டிட்டுத் தெருவுல இறங்கி நடக்க விடறதா? கொஞ்சம் நகர்ந்துக்குங்க, உங்க பை இடிக்குது... ஆங். நாவல் படிச்சிருப்பீங்களே? புருஷன்காரன் கோவிச்சுக்கிட்டுப் போயிடறான். அவ காத்திருக்கா, காத்திருக்கா, தலை நரைக்கற வரைக்கும் காத்திருக்கா. கடைசிப் பக்கத்துல அவன் வந்து நிக்கறான். ஒரு வார்த்தை கேக்காம தண்ணி கொண்டாந்து குடுக்கறா. எங்கம்மா அழுது அழுது அந்தப் பக்கத்துல எழுத்தே கலங்கிப் போயிருக்கும்!

படத்துல? காத்திருக்கவே மாட்டேங்கறா தம்பி! வேலைக்குப் போறா. சிரிக்கறா. அவன் திரும்பி வரேன்னு சொல்லி அனுப்பின அன்னைக்கு வீட்டைப் பூட்டிட்டு நடையைக் கட்டிடறா!

இதுக்கு வந்த விமர்சனம் இருக்கே, அடேயப்பா! ஒருத்தன் காவியங்கறான். இன்னொருத்தன், நாவலைக் கொன்னு பொதைச்சுட்டாங்கங்கறான். ஒரு மேதாவி பக்கம் பூரா ஜன்னல் வெளிச்சத்தைப் பத்தியே எழுதியிருக்கான், கதை என்னன்னு ஒரு வரி கிடையாது. நானும் எழுதினேன். ஆமா, நானேதான்... வெள்ளிக்கிழமை சினிமாப் பக்கம், 'கழுகு'ங்கற பேர்ல. படிச்சதில்லையா? ...சரி, பரவால்ல விடுங்க.

இதுல ஒரு தொழில் ரகசியம் இருக்கு, வெளிய விட்டுடாதீங்க. தியேட்டர்ல லைட்டை அணைச்சா எனக்குத் தூக்கம் வந்துடும். ஏசி, மெத்துமெத்துன்னு சீட்டு... உடம்பு வாகு அப்படி. அதனால எப்பவும் வீட்டுக்காரியும் கூட வருவா. திரும்பற வழியெல்லாம் கதை சொல்லுவா, நான் எழுதுவேன். யாரு எங்க நின்னா, என்ன கலர் சட்டை, ஒண்ணு விடமாட்டா. ஒரு தடவை வரிசையா நாலஞ்சு படத்துக்கு 'ஒளிப்பதிவு சற்றே மங்கல்'னு எழுதிட்டேன். அப்புறம் பார்த்தா அவளுக்குக் கண்ணாடி மாத்தணும்!

இந்தப் படத்துக்கு அழுதுகிட்டே சொன்னா. "என்னங்க, அவ பூட்டிட்டு நடக்கறா... அப்புறம் அவன் தேடிக்கிட்டு வந்து..."ன்னா. பூட்டினாள்ல, அது போதும்டி, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்னுட்டேன். எடிட்டர் வேற, பழைய வாசகர்லாம் கொதிச்சுப் போயிருக்காங்க, காரசாரமா குடுங்கன்னார். குடுத்தேன். கொஞ்சம்... கூடவே போயிடுச்சு. 'பக்கத்து இருக்கையில் ஒரு பெண்மணி விசும்பிக்கொண்டிருந்தார். பாவம், விவரம் தெரியாத ஜீவன்!'னு... ஒரு சுவைக்காகத்தானே தம்பி! எழுத்துல இதெல்லாம் சகஜந்தானே? ...ஏன் அப்படிப் பார்க்கறீங்க?

விமர்சனம் வந்த அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனா கதவு பூட்டியிருக்கு. சாவி எதிர்வீட்டுல. "அக்கா வீட்டுக்குப் போறாங்களாம். விவரம் தெரிஞ்சவங்க தனியா சமாளிச்சுப்பாங்களாம்"னு அந்தம்மா சிரிப்பை அடக்கிக்கிட்டுச் சொல்றாங்க. போன் போட்டா அவ அக்கா புருஷன் எடுக்கறார், என் சகலை. "படம் நாங்களும் பார்த்தோம், பிரமாதம்!"ங்கறார். இவளைக் கேட்டா பேச்சை மாத்தறார்!

அதான் பஸ் ஏறிட்டேன். நேர்ல போய் நின்னு... என்ன சொல்றதுன்னுதான் தெரியல. வீடு வீடா இல்ல தம்பி. நான் போட்ட டீயை என்னாலயே குடிக்க முடியல. நேத்து ஒரு படத்துக்குத் தனியாப் போனேன். தூங்கி எழுந்து வெளிய வந்தா... வர்ற வழியில பேச ஆளில்ல. விமர்சனம் கெடக்குது, அதைச் சொல்லல. அவ குரல் இல்லாம அந்த வழி போக மாட்டேங்குது.

நீங்க அந்தப் படம் பார்த்தீங்களா? ...அட! தூங்காம? கடைசி வரைக்கும்? அப்ப ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். வேற யாருகிட்டயும் கேக்க முடியல, கிளைமாக்ஸைக் கிழிகிழின்னு கிழிச்சவனே அது என்னன்னு கேட்டா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். அந்தாளு அவளைத் தேடிக்கிட்டு வர்றான்ல... வந்து அவ இருக்கற வீட்டுக் கதவைத் தட்டுவான்ல... அவ திறக்கறாளா?

ஏன் எழுந்துட்டீங்க? உங்க ஸ்டாப்பா? ஒரு வார்த்தை தம்பி! தலையையாவது ஆட்டிட்டுப் போங்க! கண்டக்டர், கொஞ்சம் இருங்க... தம்பி! திறக்கறாளா, இல்லையா?