ஆடாத டிங்கி

டிங்கி மாதிரிக் குட்டிப் படகு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள், சார்ஜன்ட். அது தவறு. அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும்.

நானும் கிளைட்டஸும் மூன்று வருடமாக டிரெல் பே வளைகுடாவில் ஒரே பாய்மரப் படகில் குடியிருந்தோம். டிசம்பரில் இருவருமாகக் கியூபா வரை போவதாக ஏற்பாடு. அதற்குள் அவன் கரையில் இயோன் என்ற பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அவன் கரைக்குப் போய்வந்த ரப்பர் டிங்கியில் மூன்று வாரத்தில் நான்கு ஓட்டை விழுந்தது. நான்தான் போட்டேன். ஆனால் ரப்பர் இந்த வெயிலுக்கு எப்படியும் தாங்காது.

"இனி ரப்பரே வேணாம்டா, மரத்துல வாங்கிடுவோம்," என்றான் கிளைட்டஸ். "ஞாயித்துக்கிழமை இயோனும் அவங்கம்மா மிஸ் ஆகஸ்டாவும் நம்ம படகப் பாக்க வராங்க. ரெண்டு பேருக்கும் நீச்சல் தெரியாது. துணி நனைஞ்சா பொண்ணு கிடையாதுன்னு மிஸ் ஆகஸ்டா கண்டிஷனா சொல்லிட்டாங்க. ஆடாத டிங்கியா பாத்துக் குடு."

ஆடாதது. அந்தச் சொல்லைச் சொன்னது அவன்.

படகுப் பட்டறையில் இரண்டு இருந்தன. ஒன்றுக்கு உருண்டை வயிறு. கால் வைத்ததும் தள்ளாடும், ஆனால் எவ்வளவு சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். மற்றது தட்டை அடி. தேவாலயத் தரைபோல் அசையாது. ஓர் அளவைத் தாண்டிச் சாய்ந்தால் மட்டும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரேயடியாகக் கவிழும். எங்கள் தீவில் டிங்கியைச் சோதிக்க ஒரே வழிதான். காலியாக மிதக்கவிட்டு, விளிம்பில் ஒரு காலை வைத்து ஆட்டிப் பார்ப்பார்கள்.

"இது சனிக்கிழமைக் குடிகாரன் மாதிரி ஆடுது. அது பாரு, கல்லு," என்றான் கிளைட்டஸ்.

எனக்கு வித்தியாசம் தெரியும். ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். தட்டை அடியையே வாங்கினோம்.

ஞாயிறு மிஸ் ஆகஸ்டா பூத்தொப்பியோடும், துவரைச் சோறும் கோழியும் நிரம்பிய இரும்புச் சட்டியோடும் வந்தார்.

"ஏம்ப்பா, இது டிங்கியா, மாவு பிசையற தொட்டியா?"

"தொட்டிதாங்க கவுழாது," என்றேன்.

"கவுந்துச்சுன்னா இந்தச் சட்டிய உன் தலையில கவுத்துருவேன், பாத்துக்க."

அவரைச் சட்டியோடு இடப்பக்கம் உட்காரவைத்தது நான்தான். பெண்களுக்கு ஏன் மிதவைச் சட்டை கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். இவ்வளவு உறுதியான டிங்கியில் எதற்கு என்று நினைத்தேன். நான் போட்டிருந்தது குளிருக்காக.

வளைகுடாவின் நடுவில் இடப்பக்கம் ஓர் ஆமை தலைதூக்கியது. விருந்தாளிகளுக்கு ஆமையைக் காட்டுவது மரியாதை. இயோன் எழுந்து அம்மா பக்கம் சாய்ந்தாள். துடுப்பை விட்டுவிட்டு கிளைட்டஸ் அவளைப் பிடிக்கச் சாய்ந்தான். நானும் மரியாதைக்காகச் சாய்ந்தேன்.

பிறகு நாங்கள் எல்லோரும் தண்ணீரில் இருந்தோம்.

ஒரு துடுப்பு என் கைக்கு வந்தது. மிஸ் ஆகஸ்டா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். அவருடைய தொப்பி எனக்கு நன்றாகவே தெரிந்தது. நான் துடுப்பை கிளைட்டஸுக்கு நீட்டினேன். அவனுக்கு நீந்தத் தெரியும் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அவன் அதைப் பிடுங்கி மிஸ் ஆகஸ்டாவிடம் தள்ளிவிட்டு, இயோனைத் தோளில் போட்டுக்கொண்டான். "கியூபா எப்படா போறோம்?" என்று கேட்டேன். கேட்ட நேரம் சரியில்லை, ஒப்புக்கொள்கிறேன். மீன்பிடிப் படகு ஒன்று வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது.

"துணி நனைஞ்சா பொண்ணு இல்லன்னு சொன்னேன். அத விடுங்க, பொண்ணு இவனுக்குத்தான்," என்றார் மிஸ் ஆகஸ்டா, இருமிக்கொண்டே. "ஒருத்தன் மிதவைச் சட்டையில தலைமுடிகூட நனையாம நிக்கிறான் பாருங்க, அவனப் போலீஸ்ல குடுங்க."

ஆம், சார்ஜன்ட். ஓட்டை, டிங்கி, உட்காரவைத்த இடம், சாய்ந்தது, துடுப்பு, எல்லாம் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் பொறாமை என்று எழுதாதீர்கள்.

கிளைட்டஸ் இப்போது அவர்கள் வீட்டில் இருக்கிறான். மூன்று வாரமாகிறது, துணி எடுக்கக்கூட வரவில்லை. இன்று காலை நீங்கள் வந்தபோது நான் கொடியில் போட்டுக்கொண்டிருந்தது அவனுடைய சட்டைகளைத்தான். படகில் நல்ல தண்ணீர் எவ்வளவு அருமை என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தும் வாரம் இரண்டு முறை அலசுகிறேன். உப்புக்காற்றில் துணி கெட்டுவிடும், அதற்காக மட்டும்தான்.